பள்ளத்தாக்கைக் கரைத்துக் குடித்தவர்

எங்கள் பள்ளத்தாக்கில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, தேள் உண்டு, பையைத் திறந்து வைத்தால் மதியச் சாப்பாட்டோடு விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டுப் போகிற கொழுத்த அணில்கள் உண்டு. இவை எல்லாவற்றோடும் நான் பதினோரு வருஷமாகச் சமாதானமாகத்தான் வாழ்கிறேன். பாம்பு கடிப்பதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும். அணில் திருடிக்கொண்டு ஓடிவிடும், நின்று உபதேசம் செய்யாது. இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப்போகிற பிராணி வேறு வகை. அதற்கு இரண்டு கால், இரண்டு ஊன்றுகோல், முதுகில் ஒரு தண்ணீர்ப் பை, பையிலிருந்து வாய்வரைக்கும் ஒரு ரப்பர்க் குழாய். வெயில் அதைக் கொல்லாது, ஏற்றம் அதை அசைக்காது, பிறர் பேச்சு அதன் காதில் ஏறாது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘கரைத்துக் குடித்தவர்’. எதைக் குடித்தார் என்கிறீர்களா? பள்ளத்தாக்கைத்தான்!

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் பெட்டினா. அரிசோனாப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே தொண்டர் வேலைக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு தொப்பியும் ஒரு வாக்கி டாக்கியும் தந்தார்கள். விடிவதற்கு முன்பே பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவில் நின்று, இறங்குகிறவர்களை மறித்து, எங்கே போகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு, சாப்பாடு என்ன என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். கூட்டம் குறைந்ததும் மூன்று மைல் கீழே இருக்கும் நிழல் கொட்டகைக்கு இறங்கி, ஏறி வருகிறவர்கள் தேறுவார்களா என்று பார்க்க வேண்டும். யாரையும் தடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. கேட்கலாம், அவ்வளவுதான்.

மலை என்பது நாணயமான பொருள். முதலிலேயே உங்களை ஏறச் சொல்லி, முழி பிதுங்க வைத்து, முடியாதவனை அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடும். பள்ளத்தாக்கு அப்படியா? ‘வாங்க, வாங்க’ என்று கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டே போகும். நிழல் இருக்கும், காற்று இருக்கும், கால்கள் தானாக நடக்கும், நாம் இவ்வளவு பெரிய வீரனா என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும். ஆற்றில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்: வெயில் நூற்றெட்டு டிகிரி, வீடு ஒரு மைல் உயரத்தில். இதைக் கரைத்துக் குடித்தவரிடம் நீங்கள் சொல்லவே முடியாது. அவர் உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார், தாமே கண்டுபிடித்த மாதிரி.

அவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே தெரிந்துவிடும். வண்டியின் பின்கதவில் ஒரு சின்னத் தராசைத் தொங்கவிட்டுப் பையை நிறுத்துக்கொண்டிருப்பார். எடை குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்திருப்பார். ஒரே பகலில் போய் வருகிற நடைக்குப் பல் துலக்கும் பிரஷ் எதற்கு என்று கேட்கக் கூடாது. தொப்பியைத் துவைக்கவே மாட்டார், ஏனென்றால் அதில் படிந்த வியர்வைக் கோடுகள்தான் அவருடைய பட்டமும் பதக்கமும். காலணி நாடாவை மூன்று விதமாக முடிச்சுப் போடத் தெரியும், இறங்குவதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு தடவை தூங்கியே போய்விட்டேன்.

பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. ‘ஒரே நாளில் ஆறுவரை இறங்கித் திரும்ப முயலாதீர்கள்’ என்று ஐந்து மொழிகளில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்காக, ஒரு மனிதன் பாதை ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பதைப் படமாகவும் போட்டு வைத்திருக்கிறார்கள். சாதாரண ஜனங்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார்கள். நம்மவர் அதன் பக்கத்தில் நின்று கட்டை விரலை உயர்த்திப் போட்டோ எடுத்துக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு போட்டோ. பலகையில் இருக்கிறவன் அப்படியே இருக்கிறான், இவருக்கு மட்டும் தலைமுடி குறைந்துகொண்டே வருகிறது.

அப்புறம் அந்த எண்ணிக்கை! யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் “காலை வணக்கம்” என்றால் அவர், “வணக்கம், நான் இதுல பதினேழு தடவ இறங்கினவன்” என்பார். “கழிவறை எங்கே?” என்று கேட்டாலும் பதினேழு தடவை. கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வாரத்துக்கு ஐந்து நாள் இறங்கி ஏறுகிற பெண்ணிடமே ஒருவர் இப்படிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கழுதை வரும்போது பாதையின் உள்பக்கம் ஒதுங்கி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் ஒதுங்கினார், நின்றார். வாயைத்தான் மூட முடியவில்லை. கழுதையின் சேணம் ஒரு விரற்கடை இடது பக்கம் சாய்ந்திருக்கிறதாம்.

ஏறி வருகிறவர்கள் நாக்குத் தள்ளிப்போய், “இன்னும் எவ்வளவு தூரங்க?” என்று கேட்பார்கள். நெஞ்சில் ஈரம் உள்ளவர்கள் எல்லாரும் இதற்கு ஒரே பொய்யைத்தான் சொல்வோம்: “வந்தாச்சுங்க, அந்த வளைவு தாண்டினா முடிஞ்சுது.” அந்த வளைவுக்கு அப்பால் இன்னும் முப்பது வளைவு இருக்கும். இருந்தாலும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கரைத்துக் குடித்தவர் பொய் சொல்ல மாட்டார். கைக்கடிகாரத்தைத் தட்டி, “இன்னும் ஆயிரத்து எண்ணூத்து நாப்பது அடி ஏத்தம். நீங்க போற வேகத்துல மூணு மணி நேரம் இருபது நிமிஷம்” என்பார். கேட்ட ஆள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் இந்த இனத்தின் உச்சகட்டச் சடங்கு இது எதுவும் இல்லை. அது ஒரே ஒரு கேள்வி. கூட்டமாக ஆட்கள் இருக்கும் இடமாகப் பார்த்து, கூட வந்தவரிடம், கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில், “நிறம் என்ன?” என்பார்.

எதன் நிறம் என்று பாதைக்குப் பழகிய எல்லாருக்கும் தெரியும். புதரின் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு “லேசா மஞ்சள்” என்று முணுமுணுக்க வேண்டும். உடனே, “மஞ்சளா! வறண்டுட்டு இருக்க! குடி!” என்று உத்தரவு வரும். தெளிவாக இருக்கிறது என்று சொன்னால்தான் விடுதலை. பெற்ற தாயிடம்கூட இப்படிக் கேட்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளும் பாவம், பதில் சொன்னாள்.

சென்ற ஜூன் மாதத்தில் வந்தவர் பெயர் வெண்டல் ஸ்டக்கி. வயது அறுபத்திரண்டு. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு நீர்ப்பாசனக் குழாய் விற்றவராம், அதனால் தண்ணீர் விஷயத்தில் தம்மை யாரும் அசைக்க முடியாது என்று நினைப்பு. கூடவே அவர் மனைவி கோரலீ. சின்ன உருவம், வெள்ளை முடி, புதுத் தொப்பி. அவளுக்கு இதுதான் முதல் தடவை என்பது அந்தத் தொப்பியிலேயே தெரிந்தது. காலை ஐந்தரை மணிக்கு என் வளைவுக்கு வந்தார்கள்.

“எங்க போறீங்க?” என்று ஆரம்பித்தேன்.

“ஆத்துக்கு. கால நனைச்சுட்டு நாலு மணிக்கெல்லாம் மேல வந்துடுவோம். சும்மா ஒரு பகல் நடை மேடம். நான் இதுல பதினேழு தடவ...”

“தண்ணி?”

“ஆளுக்கு ஆறு லிட்டர். வழியில குழாய் இருக்கிற இடத்துல எல்லாம் நிரப்பிக்குவோம்.”

“சாப்பாடு?”

வெண்டல் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். “கடலை, உப்புக்கண்டம்னு இவ ஒரு மூட்டை கட்டிட்டு வந்தா. எல்லாத்தையும் எடுத்து வண்டியிலயே வெச்சுட்டேன். மூணு பவுண்டு சுமை மிச்சம்! அந்த இடத்துல தண்ணி. பாலைவனத்துல உயிரு தண்ணியிலதான் மேடம் இருக்கு, கடலையில இல்ல.”

“உப்பே இல்லாம வெறும் தண்ணியாக் குடிச்சா அதுவும் ஆபத்துங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். கோவிலுக்குள் வந்து சாமி இல்லை என்று சொன்னவளைப் பார்ப்பது போல இருந்தது. அப்போது ஒஹாயோவிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர் துணிக் காலணியும் தலையணை அளவு சிப்ஸ் பொட்டலமுமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். வெண்டல் அவர்கள் காலைக் காட்டி, “அங்க போய்ச் சொல்லுங்க உங்க உபதேசத்த. சாயங்காலம் ஹெலிகாப்டர் அவங்களுக்குத்தான் வரும்” என்றார். சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். கோரலீ ஒரு கணம் நின்றாள், என்னைப் பார்த்தாள், பிறகு பின்னாலேயே போனாள். நான் என் அட்டையில் ‘தண்ணீர்: உண்டு’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்தை மறித்தேன்.

பிற்பகல் ஒரு மணிக்கு நான் நிழல் கொட்டகையில் இருந்தேன். அந்த நேரத்தில் கொட்டகை என்பது நான்கு தூண், ஒரு கூரை, அதன் கீழே இருபது பேர் சாய்ந்து கிடப்பது. ஒஹாயோ அக்கா தங்கையும் இருந்தார்கள். இவ்வளவு போதும் என்று அங்கேயே திரும்பிவிட முடிவு செய்து, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

கீழ் வளைவில் வெண்டல் தெரிந்தார். ஒரு கையில் இரண்டு ஊன்றுகோல், இன்னொரு கையில் கோரலீ. அவள் கால் வைக்கிற விதமே சரியில்லை. படி இல்லாத இடத்தில் படி இருப்பது போலத் தூக்கித் தூக்கி வைத்தாள். கொட்டகைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “பஸ் எத்தன மணிக்குங்க?” என்றாள்.

“விளையாடுறா” என்றார் வெண்டல். “கொஞ்சம் வறண்டுட்டா, அவ்வளவுதான். கண்ணு, இந்தா, குடி.”

குழாயை அவள் வாயில் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போதும்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் எனக்குக் கேட்டது. பக்கத்திலேயே இருந்த வெண்டலுக்குக் கேட்கவில்லை. “இன்னும் ரெண்டே மடக்கு” என்றார். அவள் குடித்தாள். குடித்த கையோடு கொட்டகையின் ஓரத்தில் அத்தனையையும் வாந்தி எடுத்தாள். வந்தது வெறும் தண்ணீர்.

“பாத்தீங்களா, உள்ள போனதெல்லாம் வெளிய வந்துடுச்சு. திரும்ப நிரப்பணும்!” என்று அவர் மறுபடி குழாயை எடுத்தார். நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் பேச்சு.

நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றாள். வெண்டலிடம் திரும்பி, “கடைசியா எப்ப ஒதுங்கிட்டு வந்தாங்க?” என்றேன்.

அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “காலைல இருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ! நிறத்தக் கேளுங்க, நிறத்தக் கேளுங்க! கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கு! என் பதினேழு தடவையில நானே அவ்வளவு தெளிவாப் போனதில்ல!”

பாலைவனத்தில் ஒருவர் வறண்டு சாகலாம், அது எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தும் சாகலாம் என்பது இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். எட்டு மணி நேரம் வியர்வையில் உப்பைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால், ரத்தம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், பேச்சுக் குழறும், அடுத்தது வலிப்பு. கோரலீக்குப் பேச்சு குழறியாகிவிட்டது. இன்னும் அரை லிட்டர் உள்ளே போனால் வலிப்பு வந்துவிடும், அதற்கு மேல் அவள் உயிருக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. அந்த அரை லிட்டர் வெண்டலின் கையில் இருந்தது.

“தண்ணி குடுக்காதீங்க” என்றேன்.

“என்னது?”

“ஒரு மடக்கு கூடக் குடுக்கக் கூடாது. தண்ணிதான் இவங்களுக்கு வந்திருக்கிற வியாதியே.”

வெண்டல் என்னிடம் பேசவில்லை, கொட்டகையைப் பார்த்துப் பேசினார். “கேட்டீங்களா? நூத்தெட்டு டிகிரி வெயில், மயக்கம் போடுற பொம்பளைக்குத் தண்ணி குடுக்கக் கூடாதாம்! மேடம், நான் இதுல பதினேழு தடவ இறங்கினவன். ஒவ்வொரு தடவையும் குடிச்சுதான் பொழச்சு வந்திருக்கேன்.”

“நீங்க பொழச்சீங்க. இவங்க பொழைக்கணும்ல?”

அவர் குழாயை எடுத்தார். நான் பையைப் பிடுங்கினேன். அறுபத்தொன்பது வயதில் இப்படிச் சண்டை போடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. பிடுங்கிய பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பை பிதுங்கிக் குழாய் வழியே அவர் காலணியில் தண்ணீர் பீய்ச்சியது.

கொட்டகை யார் பக்கம் நின்றிருக்கும் என்கிறீர்கள்? அவர் பக்கம்தான்! ஒரு கிழவி தாகத்தில் சாகிறவளிடமிருந்து தண்ணீரைப் பறித்து அதன்மேல் குந்தியிருக்கிறாள், பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? “மனுஷியா இவ?” என்றது ஒரு குரல். “ரேஞ்சரைக் கூப்பிடுங்கப்பா, இந்த அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றது இன்னொன்று. நல்ல மனசுக்காரர் ஒருவர் எழுந்து வந்து தம்முடைய பாட்டிலையே கோரலீயிடம் நீட்டினார். தட்டிவிட்டேன். அது உருண்டு பள்ளத்துக்குள் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வாக்கி டாக்கியில் கீழே நிலையத்தில் இருக்கும் ரேஞ்சர் லியோனாவைக் கூப்பிட்டேன். வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றாள்.

அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்கு உதவிக்கு வந்தது யார் தெரியுமா? துணிக் காலணிக்காரிகள். அக்காக்காரி வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தாள். “மேடம், தண்ணிதான் வியாதின்னா உப்பு மருந்தா? எங்ககிட்ட சிப்ஸ் இருக்கு.”

“முழுங்குற அளவுக்கு நெனவு இருக்கிற வரைக்கும் குடு. ஒவ்வொண்ணா.”

“சிப்ஸா!” என்று வெண்டல் அலறினார். “அதுல அத்தனையும் உப்பு! தாகம் எடுக்கும்!”

“எடுக்கட்டுமே சார்” என்றாள் அந்தப் பெண்.

கோரலீ சிப்ஸை மெல்லவில்லை. நாக்கில் வைத்து உப்பை மட்டும் உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள். இடையில் இரண்டு தடவை பஸ் வந்துவிட்டதா என்று கேட்டாள். தங்கைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டு இருக்குங்க” என்றாள். வெண்டல் முதலில் திட்டினார், பிறகு கடிகாரத்தைத் தட்டினார், கடைசியில் கெஞ்சினார். “மேடம், முப்பத்தாறு வருஷமா என்கூட இருக்கிறவ. தயவுசெஞ்சு ஒரு வாய். ஒரே ஒரு வாய்.” அழுதுகொண்டே கேட்டார். அவருக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாசத்தோடுதான் கொன்றுகொண்டிருந்தார், அதனால்தான் என் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

லியோனா வந்து சேர்ந்ததும் கோரலீயின் ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தாள். “உப்பு நூத்தி இருபத்தொண்ணு. நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும்” என்றாள் என்னிடம். பிறகு அவரிடம், “சார், உங்க வீட்டுக்காரம்மா வறண்டு போகல. ஒடம்பு பூரா தண்ணி. உப்பு மொத்தமும் கரைஞ்சு போயிருக்கு.”

“பாலைவனத்துலயா?” என்றார் வெண்டல்.

“இங்கதான் நெறைய நடக்குது. பையில எப்பவும் தண்ணியோட உப்பையும் வெச்சிருக்கணும்.”

புத்தி பேதலித்துவிட்டது என்ற குரல் தன் காலணி நாடாவை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டர் வந்து கோரலீயை ஏற்றிக்கொண்டது, அவருக்கு இடமில்லை, நடந்துதான் மேலே வர வேண்டும் என்று லியோனா சொன்னாள். அப்போது வெண்டல் ஸ்டக்கி கேட்டதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை. “நடந்தே மேல போயிட்டா இது பதினெட்டாவதா கணக்குல வரும்ல?”

இரண்டு நாள் கழித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கோரலீயைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றி வாங்கத்தான் போனேன். காற்றில்லாத அறை, அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உப்புப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். விரல் வீக்கம் வடிந்திருந்தது. மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து, கொட்டகையில் நடந்ததையெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்பதால், விவரமாகச் சொல்லத் தொடங்கினேன். எப்படிப் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன், எப்படிப் பையைப் பிடுங்கினேன், பதினோரு வருஷ அனுபவம் எப்படிக் கைகொடுத்தது. அவள் நடுவில் குறுக்கிட்டாள்.

“எனக்குத் தெரியும்ங்க.”

“எது தெரியும்?”

“ரொம்பக் குடிக்கக் கூடாதுன்னு. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறேன். அது ஒடம்புல இருக்கிற உப்ப எடுத்துடும், தண்ணிய அளவாக் குடிங்க, கூடவே உப்பா ஏதாவது சாப்பிடுங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். அதுக்குத்தான் கடலையும் உப்புக்கண்டமும் கட்டிட்டு வந்தேன்.”

“வெண்டல்கிட்டச் சொல்லலையா?”

“சொன்னேன். அந்த டாக்டர் பள்ளத்தாக்குல எத்தன தடவ இறங்கியிருக்கார்னு கேட்டார்.” பிஸ்கட்டின் முனையைக் கடித்தாள். “உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் அந்த வளைவுல நின்னேன். நீங்க மூணு கேள்வி கேட்டீங்க. மூணையும் அவரைப் பாத்துக் கேட்டீங்க. என் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன்.”

பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு இருநூறு பேர், மூன்று கேள்வி. எந்த ஆளுக்கு என்ன வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று மேலே விளிம்புக் கடையில் காப்பி குடித்துக்கொண்டு எத்தனை நாள் அளந்திருக்கிறேன்! முன்னால் நிற்கிற சவடாலை ஒரு நொடியில் எடை போட்டுவிட்டேன். பின்னால் நின்று வாய் திறக்கப் பார்த்தவளை நான் பார்க்கவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நன்றியை வாங்காமலே எழுந்து வந்தேன்.

வெண்டல் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தாமல் என்ன? அக்டோபரில் வந்தார். இடுப்பில் ஒரு பை நிறைய உப்புப் பொடிப் பொட்டலங்கள். வழியில் போகிற குழந்தை குட்டி எல்லாரையும் மறித்து, “தண்ணி மட்டும் குடிச்சீங்கன்னா செத்தீங்க! உப்பு! உப்புதான் உயிர்!” என்று கையில் திணித்துக்கொண்டிருந்தார். பொங்கிவரும் ரத்தக் கொதிப்பு உள்ள ஒரு பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட, இவர் அவர் பாட்டிலைத் திறந்து உப்பைக் கொட்டப் போனார். ஜூன் மாதம் கொட்டகையில் மனைவிக்கு வந்த வியாதியைத் தாம் கண்டுபிடித்த கதையையும் சொன்னார். அதில் நான் இல்லை. சிப்ஸ் இருந்தது. அவர்தான் கொடுத்தாராம்.

கோரலீ விளிம்பில் ஒரு பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். “நீங்க இறங்கலையா?” என்று, இந்தத் தடவை அவளைப் பார்த்தே கேட்டேன்.

“மாட்டேன்னேன். வழக்கம்போலக் காதுல விழல. அதனால வண்டிச் சாவிய எடுத்து வெச்சுக்கிட்டேன்” என்றாள், கோட்டுப் பையைத் தட்டிக்காட்டி. “நாலு மணிக்கு வரலைன்னா நான் பாட்டுக்கு வீட்டுக்குக் கெளம்பிடுவேன்.”

சரி, உங்களுக்கு இது எதிலும் சம்பந்தமில்லை. நீங்கள் எங்கள் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்ததில்லை, யாரிடமும் நிறத்தைக் கேட்டதில்லை. வெண்டலைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், என்னைப் பார்த்தும் கொஞ்சம் சிரித்திருப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இன்று காலை உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள், “தெரியும், தெரியும்” என்றீர்கள். அவர் சொல்ல வந்தது என்ன?